பதினோரு டன் கல்

இடுப்பெலும்பை ஒடித்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போன கெசீனா தாடன் ஆறு வாரம் கழித்து வீடு திரும்பியபோது, அவள் தோட்டம் இருந்த இடத்தில் கல் இருந்தது.

கொஞ்சநஞ்சக் கல் இல்லை. சமையலறையின் பின்கதவில் தொடங்கி, அந்தக் கோடியில் வாய்க்கால் வேலி வரைக்கும் ஒரே சாம்பல் நிற ஜல்லி. எல்லாம் ஒரே அளவு, ஒரே நிறம். மழை பெய்து அலம்பிவிட்டிருந்ததால் பளபளவென்று வேறு இருந்தது. நட்டநடுவில் ஒரு தொட்டி. அந்தத் தொட்டியில், பந்து மாதிரி உருட்டி வெட்டிய ஒரு குட்டிப் புதர். பின்கதவின் கைப்பிடியில் சிவப்பு நாடாவில் ஒரு முடிச்சுப் போட்டுத் தொங்கவிட்டிருந்தார்கள், பிறந்தநாள் பரிசுக்குக் கட்டுவது போல.

"எப்பிடி இருக்கு?" என்றான் மகன் ஹென்னிங். அவன் முகத்தில் அத்தனை சந்தோஷம். பக்கத்தில் அவன் மனைவி மைகே, மாமியார் முகம் மலரும் கணத்தைப் பிடிக்கக் கைபேசியைத் தூக்கி வைத்துக்கொண்டு நின்றாள்.

கெசீனா இரண்டு ஊன்றுகோலிலும் உடம்பைச் சாய்த்துக்கொண்டு பார்த்தாள். முதலில் வேறு யார் வீட்டுப் பின்பக்கத்தையோ பார்ப்பதாகத்தான் அவளுக்குத் தோன்றியது. வேலியும் வாய்க்காலும் அப்பால் மேய்ச்சல் நிலமும் அதேதான். ஆகவே இது அவள் வீடுதான்.

"என் தோட்டம் எங்கடா?"

"இதாம்மா தோட்டம். இனிமே நீ குனியவே வேணாம், களை புடுங்க வேணாம், கொத்த வேணாம். வருஷத்துக்கு ஒருவாட்டி மேல விழுந்த இலைய ஊதி விட்டா போதும். அதையும் நானே வந்து பண்ணிடறேன்."

"வேலியோரம் திராட்சை மாதிரி கொத்துக்கொத்தாக் காய்க்குமே, அந்தப் பழச் செடிங்க?"

"அது வயசான செடிம்மா. எடுத்தாச்சு."

"மண்ணு?"

"அதெல்லாம் முறைப்படி ஏற்பாடு பண்ணியாச்சு. நீ அதப் பத்தி ஏன் கவலப்படறே?"

"பதினோரு டன் அத்தை!" என்றாள் மைகே, எடையில்தான் பாசம் இருக்கிறது என்பது போல. "ஒரே நாள்ல கொட்டி முடிச்சாங்க. பார்த்தீங்கன்னா அசந்து போயிருப்பீங்க."

"எதுக்கு?" என்றாள் கெசீனா.

"எதுக்கா? மறுபடி நீ விழுந்து கெடந்தா யாரு பார்க்கறது?" என்றான் ஹென்னிங்.

"நான் தோட்டத்துலயாடா விழுந்தேன்? சூப்பர்மார்க்கெட்ல, பால் அடுக்கி வச்சிருக்கிற எடத்துல, ஈரத் தரையில விழுந்தேன். அங்க போயி கொட்ட வேண்டியதுதானே உன் பதினோரு டன்ன!"

மைகே கைபேசியை மெல்லக் கீழே இறக்கினாள். ஆஸ்பத்திரி அலுப்பு, கொஞ்ச நாளில் சரியாகிவிடும் என்று இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அந்தப் பார்வையை கெசீனாவும் பார்த்தாள். இடுப்பில் வைத்த உலோகத்தைவிட அதுதான் அதிகம் வலித்தது.

*

கடற்கரையிலிருந்து பத்து கிலோமீட்டர் தள்ளி இருக்கும் ஊர் அது. அந்தப் பக்கத்து மண் எப்படிப்பட்டது என்று அங்கே மண்வெட்டி பிடித்தவர்களுக்குத்தான் தெரியும். மழையில் பசை, வெயிலில் ஓடு. முப்பத்திரண்டு வருடத்துக்கு முன்னால், புருஷன் இல்லாமல், நாலு வயது ஹென்னிங்கைக் கையில் பிடித்துக்கொண்டு கெசீனா இந்த வீட்டுக்கு வந்தபோது பின்பக்கம் முழுக்க அந்த நீலக் களிமண்தான் கிடந்தது. முதல் வருடம் ஊன்றிய உருளைக்கிழங்கு கோலிக்குண்டு அளவில் வந்தது. பார்த்தவர்கள் சிரித்தார்கள்.

ஓய்வு பெறும்வரை அவள் தபால்காரி. சைக்கிளில் முன்பக்கமும் பின்பக்கமும் மஞ்சள் பை. காலையில் அந்தப் பையில் கடிதம் போகும், மத்தியானம் அதே சைக்கிளில் தெருவோர இலைச் சருகும், குதிரைக்கொட்டகைச் சாணமும், ஆற்று மணலும் திரும்பி வரும். அது தபால் துறைக்குத் தெரிந்திருந்தால் வேலை போயிருக்கும். முப்பத்திரண்டு வருடம் இப்படிக் கொட்டிக் கொட்டி, புரட்டிப் புரட்டி, குளிர்காலத்தில் மூடி வைத்து, வசந்தத்தில் திறந்து, கடைசியில் கையை விட்டால் முழங்கை வரை போகிற மாதிரி கறுத்த, பொலபொலவென்ற மண் ஆக்கினாள். அதைச் சாதித்தது அவள்தான், வேறு யாரும் இல்லை. வாழ்க்கையில் தான் செய்த ஒரே பெரிய காரியம் அதுதான் என்று அவள் நினைத்தாள். பிள்ளை வளர்த்ததையும் அதில் சேர்த்திருந்தாள், அன்று காலை வரைக்கும்.

எல்லாரும் போன பிறகு, ஒற்றை ஊன்றுகோலால் ஒரு மூலையில் ஜல்லியைக் கிளறிப் பார்த்தாள். அடியில் கறுப்புத் துணி விரித்திருந்தார்கள், ஒரு புல்கூடத் தலை நீட்டக்கூடாதாம். சமையலறைக் கத்தியைக் கொண்டுவந்து துணியைக் கிழித்தாள். துணிக்குக் கீழே நீலக் களிமண், அவள் வந்த முதல் நாள் இருந்த அதே களிமண். முழங்கை ஆழத்துக்கு மேல்மண்ணை மொத்தமாக வழித்து எடுத்துவிட்டுத்தான் கல்லைக் கொட்டியிருக்கிறார்கள்.

கெசீனா அழவில்லை. ஒரு கல்லை எடுத்து அந்தத் தொட்டிச் செடியின் மேல் எறிந்தாள். குறி தவறியது. இன்னொன்று எறிந்தாள்.

*

பிப்ரவரி கடைசியில் அவளுக்கு எவ்வளவு வேலை இருந்திருக்க வேண்டும்! எருக்குழியைச் சலித்துப் பாத்தியில் பரப்புவது, செடிகளைக் கழித்து விடுவது, மார்ச் முதல் வாரம் பட்டாணியும் பெரிய அவரையும் ஊன்றுவது. மண்ணின் குளிர் விட்டதா என்று அவள் புறங்கையை வைத்துத்தான் பார்ப்பாள். இந்த வருடம் புறங்கையை வைக்கக் கல்தான் இருந்தது.

ஆனாலும் அவள் கை சும்மா இருக்கவில்லை. முட்டை அட்டைகளில் விதை உருளைக்கிழங்கை அடுக்கி முளைக்க வைத்தாள். மார்ச் நடுவில், எல்லா வருடமும் போல, ஜன்னலோரச் சட்டிகளில் தக்காளி விதை போட்டாள். இருபத்தாறு சட்டி. அவற்றை எங்கே கொண்டுபோய் நடப்போகிறாள் என்பது அவளுக்கே தெரியாது. மே பதினைந்தைக் குளிர்ச் சோஃபியின் நாள் என்பார்கள், அன்றோடு கடைசிப் பனி போகும், அதுவரைக்கும் தக்காளி வீட்டுக்குள் இருக்கும். அதற்குப் பிறகு அதற்கு நிலம் வேண்டும். இல்லையென்றால் சட்டியிலேயே நெட்டையாக வளர்ந்து, வெளுத்து, சாயும். மே பதினைந்துக்குள் தன் மண் தனக்கு வேண்டும். அவ்வளவுதான் அவளுக்குத் தெரிந்தது.

இதற்கு நடுவில் ஊர் முழுக்க அவளுக்கு வாழ்த்துச் சொன்னது. ரொட்டிக் கடையில் ஒருத்தி, "குடுத்து வச்சவ நீ. என் பையன் ஒரு ஆணி அடிச்சுத் தர மாட்டேங்கறான்" என்றாள். இடுப்புக்குப் பயிற்சி கொடுக்க வீட்டுக்கு வந்த பெண்ணோ ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டு, "எவ்ளோ நீட்டா இருக்கு!" என்றாள். கெசீனா பல்லைக் கடித்துக்கொண்டு காலைத் தூக்கித் தூக்கி இறக்கினாள். அடித்தால் ஊர் கேட்கும். அன்பாகச் செய்துவிட்டால் அதை யாரிடம் போய்ச் சொல்வது? சொன்னாலும், நன்றிகெட்டவள் என்ற பெயர் அவளுக்குத்தான் வரும்.

*

மார்ச் கடைசி ஞாயிறு, தேநீருக்கு வந்தே ஆக வேண்டும் என்று ஹென்னிங் காரில் வந்து கூட்டிப் போனான். ஊரின் மறுகோடியில், புதிதாகப் பிரித்த மனைகளில், போன வருடம்தான் அவர்கள் வீடு கட்டிக் குடிபோயிருந்தார்கள். அந்தத் தெருவில் எல்லா வீட்டுக்குப் பின்னாலும் இடிபாடும் சேறும்தான். ஹென்னிங் வீட்டுக்குப் பின்னால் மட்டும் அழகாகச் சமன்படுத்தி, புல் விதைத்து, ஓரத்தில் மரப்பலகை அடித்து உயரப் பாத்திகள் கட்டியிருந்தது.

மைகே கற்கண்டைக் கோப்பையில் போட்டு, தேநீரை ஊற்றி, பாலேட்டை ஓரமாக மிதக்கவிட்டாள். கற்கண்டு விரிசல் விடும் சத்தம் கேட்டது. எல்லாம் முறைப்படிதான். பேச்சும் நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது.

"புல்லு நல்லா வருது அத்தை. ஒரு கஷ்டம்தான். நடுநடுவுல ஒரு களை முளைக்குது பாருங்க, அங்கங்க, கோணல்மாணலா. புடுங்கப் புடுங்க வருது. கையெல்லாம் வெங்காய நாத்தம்."

கெசீனா கோப்பையை வைத்தாள். ஊன்றுகோலை எடுத்துக்கொண்டு வெளியே போனாள். ஒற்றைக் காலில் பாரம் போட்டுக் குனிந்து, நீளப் பச்சைத் தாள் ஒன்றைக் கிள்ளி மூக்கில் வைத்தாள்.

பூண்டு. அக்டோபரில் அவள் மூன்று வரிசையாக ஊன்றிவைத்த பூண்டு. இயந்திரம் வாரி, லாரி கொட்டி, உருளை அழுத்தி, அத்தனைக்குப் பிறகும் அது திசை தெரியாமல் அங்கங்கே தலைநீட்டிக்கொண்டிருந்தது. அவள் விரலை மண்ணில் அழுத்தினாள். விரல் உள்ளே போனது. கறுப்பு. பொலபொலவென்று.

அவள் திரும்பி வந்து நின்ற விதத்தைப் பார்த்து ஹென்னிங் எழுந்துவிட்டான்.

"இது என் மண்ணு."

"அம்மா, உக்காரு மொதல்ல."

"இது என் மண்ணுடா! முறைப்படி ஏற்பாடு பண்ணேன்னு சொன்னியே, இதானா உன் முறை?"

"வீணாக்கக் கூடாதுன்னுதான்மா கொண்டு வந்தேன். நல்ல மேல்மண்ண குப்பையில கொட்டறது தப்பு, சட்டமே இருக்கு. இங்க பாரு, அடியில வெறும் செங்கல் துண்டும் சிமெண்டும். ஒண்ணுமே முளைக்காது."

"அதனால?"

"அதனால... உனக்கோ முடியல. எங்களுக்கோ தேவ. ரெண்டும் ஒண்ணாச் சேந்துச்சு."

"எனக்கு முடியலன்னு யாரு சொன்னா? நான் சொன்னேனா? டாக்டர் சொன்னாரா? ஆஸ்பத்திரியில வாராவாரம் வந்து கட்டிலுக்குப் பக்கத்துல உக்காந்தியே, ஆரஞ்சு உரிச்சுக் குடுத்தியே, ஒரு வார்த்த கேட்டியா?"

"கேட்டா நீ வேணாம்னுதான் சொல்லுவே."

"ஆமா! அதுக்குப் பேருதான் கேக்கறது!"

மைகே நடுவில் வந்து, "அத்தை, நாளைக்குக் குழந்தைங்க வந்தா விளையாட ஒரு இடம் வேணாமா?" என்று ஆரம்பித்தாள். ஹென்னிங்குக்கு முகம் சிவந்துவிட்டது. அவன் கெட்டவன் இல்லை, அதைச் சொல்லியாக வேண்டும். ஆளே இல்லாத தெருவிலும் சிவப்பு விளக்குக்கு நிற்கிறவன், குப்பையை நாலு நிறத் தொட்டியில் பிரித்துப் போடுகிறவன். ஆனால் தப்பு செய்துவிட்டோம் என்று தெரிந்த நல்லவனைப் போல மோசமாகப் பேசுகிறவன் வேறு யாரும் கிடையாது.

"சட்டப்படி பார்த்தா அது என் நிலம்மா" என்றான்.

சொல்லிவிட்டான். ஐந்து வருடத்துக்கு முன்னால், நாளைக்கு வரி, அலைச்சல் என்று எதுவும் வேண்டாமே என்று அவள்தான் வீட்டை அவன் பேருக்கு எழுதிவைத்தாள். சாகும் வரை அவள் அதில் குடியிருக்கலாம் என்று ஒரு வரி அதில் உண்டு. கையெழுத்துப் போட்ட அன்றைக்கு அவன் கண்ணில் தண்ணீர் வந்தது. "இது எப்பவும் உன் வீடுதாம்மா" என்றான். அந்தப் பேச்சுக்கு இவ்வளவுதான் ஆயுள்.

அவர்கள் பக்கத்தில் குறைந்தது மூன்று கோப்பை தேநீர் குடிக்காமல் யாரும் எழுந்திருப்பதில்லை. கெசீனா, பாதி குடித்த முதல் கோப்பைக்குள் கரண்டியைப் போட்டாள். போதும் என்று அதற்கு அர்த்தம்.

"வண்டிய எடு. என்னைக் கொண்டுபோய் விடு. உன் வீட்டுல" என்றாள்.

*

மூன்று இரவு அவள் பொருமிக்கொண்டே கிடந்தாள். நாலாம் நாள் காலையில் எழுந்து, தலையை வாரி, கோட்டை மாட்டிக்கொண்டு, பக்கத்து வீட்டு லூடர்ஸ் வாசலில் போய் நின்றாள். தபால் போடுவதற்கு அல்லாமல் அந்த வாசலை அவள் மிதித்துப் பத்தொன்பது வருடம் ஆகியிருந்தது.

லூடர்ஸ் நில அளவைத் துறையில் இருந்து ஓய்வு பெற்றவர். ஓய்வு என்று சொல்வதுதான் தப்பு. மடக்கு அளவுகோலைப் பைஜாமாப் பையிலேயே வைத்திருப்பார். யார் வேலி எத்தனை செண்டிமீட்டர் உயர்ந்திருக்கிறது, யார் மத்தியான ஓய்வு நேரத்தில் புல்வெட்டி ஓட்டினார்கள், யார் குப்பைத் தொட்டி நடைபாதையில் நிற்கிறது, எல்லாம் நகராட்சிக்குக் கடிதமாகப் போகும். கெசீனாவின் எருக்குழி எல்லைக்கோட்டுக்கு நாற்பது செண்டிமீட்டர் நெருக்கமாக இருந்தது என்று போட்ட கடிதத்தோடுதான் இருவருக்கும் பேச்சு நின்றது. வேடிக்கை என்னவென்றால், அந்தப் புகாருக்கு வந்த அதிகாரபூர்வ உறையைத் தபால்காரி என்ற முறையில் அவளே சுமந்து வந்து தன் வீட்டுப் பெட்டியில் போட வேண்டியிருந்தது.

அந்த உறைகளை அவள் அறிவாள். தேதி குறித்து, கையெழுத்து வாங்காமலே சேர்ந்ததாக ஆகிவிடும் மஞ்சள் உறை. அத்தனை வருட வேலையில் எத்தனை கதவைத் தட்டியிருக்கிறாள்! ஆறடி விவசாயி, கசாப்புக் கடைக்காரர், யாராக இருந்தாலும் அந்த மஞ்சளைப் பார்த்ததும் சட்டைப் பித்தானைச் சரிசெய்துகொள்வார்கள். அம்மா கத்தினால் பெருமூச்சு விடுகிற ஹென்னிங், அதற்கு என்ன செய்வான் என்று அவளுக்குச் சந்தேகமே இல்லை.

"மோயின்" என்று அந்தப் பக்கத்து வணக்கத்தைச் சொன்னார் லூடர்ஸ், கதவைப் பாதி திறந்து.

"மோயின். லூடர்ஸ் சார், ஒரு விஷயம் கேக்கணும். ஒரு வீட்டுப் பின்பக்கம் பூரா ஜல்லி கொட்டி மூடறது, அது செய்யலாமா?"

லூடர்ஸின் முகத்தில் விளக்குப் போட்டது போல ஒரு வெளிச்சம் வந்தது. கதவு முழுசாகத் திறந்தது.

"செய்யவே கூடாது! கட்டடம் இல்லாத இடம் பச்சையா இருக்கணும், விதி அப்பிடி. நகராட்சி கண்டுக்கறதில்ல, அவ்வளவுதான். யாராவது எழுதிக் குடுத்தா கண்டுக்கிட்டுத்தான் ஆகணும். உள்ள வாங்க. பதினேழு போட்டோ எடுத்து வச்சிருக்கேன், அளவுகோல் பக்கத்துல வச்சு."

"எங்க வீட்டையா?"

"லாரி வந்த அன்னிக்கே எடுத்துட்டேன். அனுப்பியிருப்பேன். நீங்க ஆஸ்பத்திரியில இருந்தீங்க. படுத்திருக்கிறவங்க மேல புகார் குடுக்கறது மரியாதையில்ல. திரும்பி வரட்டும், நல்லா நடக்கட்டும், அப்பறம் குடுக்கலாம்னு இருந்தேன்."

மகனைவிட இந்தக் கிழவருக்குக் கொஞ்சம் முறை தெரிந்திருந்தது. அதை நினைத்ததும் கெசீனாவுக்கு இன்னும் எரிந்தது.

"நான் எழுதறேன். எப்பிடி எழுதணும்னு மட்டும் சொல்லுங்க."

"நீங்களா? உங்க வீட்டு மேலயா?"

"வீடு என் பையன் பேர்ல இருக்கு."

நகராட்சிக்கு இருநூறு கடிதம் எழுதிய லூடர்ஸே மூக்குக்கண்ணாடியைக் கழற்றி அவளைப் பார்த்தார். பிறகு மேஜையைத் துடைத்து, தாளை நேராக வைத்து, பேனாவின் மூடியைத் திறந்து கொடுத்தார்.

"கீழ பேர் போட வேணாம். 'அக்கறையுள்ள ஒரு குடிமகன்'னு போட்டா போதும். நான் எப்பவும் அப்பிடித்தான்..." என்று சொல்லிக்கொண்டே வந்தவர், சொல்லக்கூடாததைச் சொல்லிவிட்டதை உணர்ந்து நிறுத்தினார்.

"அது ஊருக்கே தெரியும் சார்" என்றாள் கெசீனா. "நான் பேர் போடத்தான் போறேன்."

போட்டாள். கெசீனா தாடன், முழுப் பெயர், தேதி, முகவரி. வீட்டுக்கு வந்து, கோட்டைக் கழற்றாமலே நாற்காலியில் உட்கார்ந்தாள். நாலு வயதில் தன் சைக்கிளின் முன்னால் உட்கார்ந்து மணி அடித்துக்கொண்டே வந்த பையன் மேல் எழுதிக் கொடுத்திருக்கிறோம் என்று அப்போதுதான் உறைத்தது. எழுந்து போய் ஜன்னல் வழியாகக் கல்லைப் பார்த்தாள். அதற்குப் பிறகு கோட்டைக் கழற்றி மாட்டினாள்.

*

ஏப்ரல் மூன்றாம் வாரம் ஹென்னிங் வந்தான். கையில் மஞ்சள் உறை. ஒருமுறை பிரித்து, திரும்ப மடித்து, திரும்பப் பிரித்து ஓரமெல்லாம் கசங்கியிருந்தது.

"பாத்தியாம்மா? பாத்தியா? என் மேல உத்தரவு! கோப்பு எண்ணோட! என் பேர்ல ஒரு கோப்பே திறந்திருக்காங்க! கல்லு, துணி எல்லாத்தையும் எடுத்துட்டு, பழையபடி மண் போட்டுப் பச்சையாக்கணுமாம். மே பதினைஞ்சுக்குள்ள. இல்லைன்னா அபராதம்!"

அவன் குரல் உடைந்திருந்தது. நிறுத்தக்கூடாத இடத்தில் ஒருநாள்கூட வண்டியை நிறுத்தியதில்லை அவன். சாலை ஓரத்தில் இயந்திரம் நிறுத்த அனுமதி வாங்கினானாம், லாரி எடைக்குச் சீட்டு வாங்கினானாம், மண் எடுக்க, மண் கொண்டுபோக என்று ஒவ்வொன்றுக்கும் கேட்டானாம். கல் கொட்டலாமா என்று மட்டும் யாரையும் கேட்கத் தோன்றவில்லை. கல் சுத்தமாக இருக்கிறதே, சுத்தமானது எப்படிக் குற்றமாகும் என்று நினைத்திருக்கிறான்.

"கேக்க வேண்டியவங்க ரெண்டு பேரையும் நீ கேக்கல" என்றாள் கெசீனா.

அது அவன் காதில் ஏறவில்லை. வேலிப் பக்கம் கையைக் காட்டிக் கத்தினான். "யாரு வேலைன்னு தெரியாதா? அந்தக் கெழட்டு லூடர்ஸ்! இப்பவே போறேன். உடம்பு சரியில்லாத பொம்பளைன்னுகூடப் பாக்காம..."

போயிருப்பான். லூடர்ஸும் வாயைத் திறந்திருக்க மாட்டார், ஒரு பழி கூடினால் அவருக்கு என்ன. கெசீனா பேசாமல் இருந்திருந்தால் கல்லும் போயிருக்கும், மகனும் பகையாகியிருக்க மாட்டான். அவளுக்கு அது தெரியாமல் இல்லை. ஆனால் அப்படி வாங்கினால் அது இன்னொரு பரிசாகத்தான் இருக்கும். பரிசு அவளுக்குப் போதும் போதும் என்றாகிவிட்டது.

"நில்லு. அவர் இல்ல. நான்தான்."

ஹென்னிங் நின்றான்.

"என்ன நான்தான்?"

"புகார் நான்தான் குடுத்தேன். என் கையெழுத்துதான். போய்க் கேட்டா காட்டுவாங்க."

உறையைப் பார்த்தான், அவளைப் பார்த்தான்.

"பெத்த பையன் மேலயா?"

"பெத்த பையன் மேல யாராவது புகார் குடுப்பாங்களா? நில உரிமையாளர் மேல குடுத்தேன். அது யாருன்னு உன் வீட்டுல வச்சு நீதானே சொன்னே."

ஹென்னிங் நாற்காலியை இழுத்து உட்கார்ந்தான். ஜன்னலோரம் இருபத்தாறு தக்காளிச் செடிகள் கண்ணாடியை முட்டிக்கொண்டு நின்றன. அவற்றை அவன் அன்றைக்குத்தான் பார்த்தான்.

"பயந்துட்டேம்மா" என்றான், தலையைக் குனிந்துகொண்டு. "போன் பண்ணி, உங்கம்மா விழுந்துட்டாங்கன்னு சொன்னப்போ... இனிமே உனக்கு ஒண்ணுமே ஆகக் கூடாதுன்னு தோணிச்சு."

"ஒண்ணுமே ஆகாம இருக்கறதுக்கு வேற எடம் இருக்கு. அங்கயும் மேல கல்லுதான் வைப்பாங்க. இன்னும் நேரம் இருக்கு, அவசரப்படாதே."

அவன் கண்ணைத் துடைத்துக்கொண்டான். அவளுக்குப் பாவமாக இருந்தது. பாவமாக இருக்கிறது என்பதற்காக அவள் விட்டுக்கொடுக்கவில்லை. பயத்தையும் மண்ணையும் ஒரே லாரியில் ஏற்றி அவன் வீட்டுக்குக் கொண்டுபோனதை அவளால் விழுங்க முடியவில்லை.

"இவ்வளவு மண்ணுக்கு இப்ப நான் எங்க போவேன்?" என்றான் கடைசியில்.

"அது எங்க இருக்குன்னு உனக்குத் தெரியும். எனக்கும் தெரியும்."

*

மூன்று சனிக்கிழமை ஆனது. முதல் இரண்டில் கல் போனது, கறுப்புத் துணி போனது, உருண்டைப் புதர் போனது. மூன்றாவதில் மண் திரும்பி வந்தது. ஹென்னிங் தானே வண்டி ஓட்டி, தானே அள்ளி, தானே தள்ளினான். கை கொப்பளித்தது. மைகே வரவில்லை. பிடுங்கப்பட்ட புல்வெளிக்கு முன்னால் அவள் அழுதாள் என்று கேள்விப்பட்டபோது, தனக்கு அப்படி அழவும் ஒருவரும் நேரம் கொடுக்கவில்லையே என்றுதான் கெசீனா நினைத்தாள். வேலிக்கு அப்பால் லூடர்ஸ் நின்று, கைக்கடிகாரத்தைப் பார்த்து, மத்தியான ஓய்வு நேரம் தொடங்க இன்னும் எட்டு நிமிடம் இருக்கிறது என்று அறிவித்தார்.

மண் வந்த அன்றைக்குத்தான் அவள் ஒற்றைக் கோலோடு இறங்கிப் போனாள். கொட்டிய குவியலில் கையை விட்டாள். மணிக்கட்டு வரைக்கும்தான் போனது. உருளை ஓட்டி நசுக்கி, ரசாயன உரம் தூவி, செங்கல் தூளும் புல் வேரும் கலந்து பாதி உயிரைப் போக்கியிருந்தார்கள். புழு ஒன்றையும் காணோம். இது பழையபடி ஆக மூன்று வருடமாவது வேண்டும். அறுபத்தொன்பது வயதுக்காரியிடமிருந்து மூன்று வருடத்தைப் பிடுங்கிக்கொண்டு, அதற்குச் சிவப்பு நாடா வேறு கட்டியிருந்தார்கள்! அவளுக்கு அங்கேயே, அந்தக் குவியல் மேலேயே, மறுபடி கோபம் பொங்கியது. ஹென்னிங் தள்ளுவண்டியோடு சற்றுத் தள்ளியே நின்றான்.

"எங்கம்மா போடட்டும்?" என்றான்.

அவள் கோலால் காட்டினாள். அவன் போட்டான். அடுத்த வண்டிக்கும் கேட்டான். அதற்கடுத்ததற்கும் கேட்டான். இருட்டுவதற்குள் நாற்பத்தொரு வண்டி, நாற்பத்தொரு கேள்வி. அவளும் சலிக்காமல் நாற்பத்தொரு தடவை கோலைத் தூக்கினாள். அன்றைக்கு அவனுக்கு அவள் தேநீர் கொடுக்கவில்லை.

குளிர்ச் சோஃபியின் நாள் தாண்டி, அடுத்த ஞாயிறு. தக்காளியெல்லாம் வெளியே போய், ஜன்னலோரம் வெறிச்சென்று இருந்தது. கெசீனா மூன்று மணிக்குத் தேநீர் போட்டு, கோப்பையில் ஊற்றிக்கொண்டு உட்கார்ந்தபோது வாசல் மணி அடித்தது. ஜன்னல் வழியாகப் பார்த்தாள். ஹென்னிங். அவனிடம் சாவி உண்டு. பள்ளிக்கூடம் போன காலத்திலிருந்தே சாவி போட்டு நேராகச் சமையலறைக்குள் வந்து பானையைத் திறந்து பார்க்கிறவன் அவன். இன்றைக்கு, தன் பேரில் எழுதியிருக்கும் வீட்டின் வாசலில், காலை மிதியடியில் தேய்த்து வைத்துக்கொண்டு, கதவைப் பார்த்து நின்றான்.

கெசீனா எழுந்திருக்கவில்லை. பாலேட்டை ஊற்றி, அது மேலே விரிவதைப் பார்த்தாள். இன்னொரு தடவை அடிக்கட்டும் என்று இருந்தாள். அடித்தான். அதற்குப் பிறகுதான் கோலை எடுத்துக்கொண்டு, அவசரப்படாமல் நடந்து போய்க் கதவைத் திறந்தாள்.

"வரலாமாம்மா?" என்று கேட்டான்.